விழுந்தது, பாஸ் ஆகவில்லை

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி ஐந்து நிமிடம். நான் முதலில் பார்த்தது கவுண்டர் மேல் இருந்த நீல பிளாஸ்டிக் வாளியை. வாளி நிறைய வைக்கோல். வைக்கோலுக்குள் வாத்து முட்டை.

வாளிக்குப் பின்னால் பாக்கியம் நின்றிருந்தார். நீடாமங்கலத்துக்குத் தெற்கே, கோரையாற்றங்கரைக் கிராமம் ஒன்றில் கணவரும் அவருமாக வாத்து வளர்க்கிறார்கள். அறுவடை முடிந்த வயல்களில் மேய விட்டு, முட்டை விற்று, வருடத்துக்கு ஒரு தடவை பட்டியை மொத்தமாக விற்றுவிட்டுப் புதிதாகக் குஞ்சு வாங்குவது அவர்கள் தொழில். எங்கள் வங்கிக் கிளையில் பாக்கியத்துக்குச் சேமிப்புக் கணக்கு இருந்தது. அன்று பட்டுப் புடவை கட்டி வந்திருந்தார்.

கவுண்டருக்கு உள்ளே இருந்த பிரேமா வாளியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். கும்பகோணத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகும் கிளார்க். வேலையில் வேகம், பேச்சில் அதைவிட வேகம்.

"எடுத்துக்கம்மா. நேத்து நீ நல்ல வார்த்தை சொன்ன. எல்லாரும் ஆளுக்கு நாலு எடுத்துக்குங்க" என்றார் பாக்கியம்.

"அதெல்லாம் வாங்கக் கூடாதுக்கா. மேனேஜர் திட்டுவாரு."

"அவருக்கும் நாலு இருக்கு."

இந்த நிகழ்ச்சியை எழுதத் தோன்றியதற்குக் காரணம், இப்போது செக் போட்ட சில மணி நேரத்திலேயே பாஸா இல்லையா என்று தெரிந்துவிடுவதுதான். என் பழைய சகாக்கள் வாட்ஸ்அப்பில் இதைக் கொண்டாடினார்கள். எனக்கு முட்டை வாளி ஞாபகம் வந்தது. அப்போது செக்குக்கு ஒரு நாள் அவகாசம் இருந்தது. அந்த ஒரு நாளில் என்னவெல்லாம் நடக்கலாம் என்பதை இளையவர்கள் இனிப் பார்க்கப் போவதில்லை.

நான் வங்கிக்கு வரும் முன் இரண்டு வருடம் ஒரு நாளிதழின் திருச்சி அலுவலகத்தில் செய்திப் பிரிவில் இருந்தேன். அங்கே கற்றது ஒன்றுதான்: யார், யாரிடம், எந்த வார்த்தையில் சொன்னார் என்று குறித்துக்கொள்வது. வங்கித் தேர்வு எழுதி, பயிற்சி முடித்து, ஊர் ஊராக மாற்றலாகி, கடைசியில் நீடாமங்கலம் கிளைக்கு அதிகாரியாக வந்தேன். செக் வசூல் என் பொறுப்பு. தலைமுடி பெரும்பாலும் பயிற்சிக்கும் நீடாமங்கலத்துக்கும் இடையில் போனது. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

போலிச் செக்கில் யார் தலையில் நஷ்டம் விழும் என்பதை நான் முதலில் கற்றது கும்பகோணத்தில். பாத்திரக் கடைக்காரர் ஒருவருடைய கையெழுத்தை அவருடைய மைத்துனர் போட்டு எங்கள் கவுண்டரிலேயே பணம் எடுத்துப் போய்விட்டார். கடைக்காரர் தன் கையெழுத்து இல்லை என்றார். அசலையும் போலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். போலி அசலைவிட அழகாக இருந்தது. வாடிக்கையாளர் கையெழுத்துப் போடாத செக்குக்குப் பணம் கொடுத்தால் கொடுத்த வங்கியைத்தான் சேரும் அந்த நஷ்டம். வங்கி கட்டியது. ஆய்வுக்கு வந்த அதிகாரி தன் குறிப்பில், இவ்வளவு தெளிவான கையெழுத்தைப் பார்த்ததுமே சந்தேகம் வந்திருக்க வேண்டும் என்று எழுதினார். அதன் பிறகு அந்தக் கிளையில் சில மாதங்களுக்கு யார் அழகாகக் கையெழுத்துப் போட்டாலும் உட்கார வைத்து விசாரித்தோம்.

அது செக்குக்குப் பணம் கொடுக்கும் வங்கியின் கதை. செக்கை வசூலுக்கு வாங்கும் வங்கியின் கதை வேறு. அதை எனக்குச் சொல்லித் தந்தது வாத்து.

நீடாமங்கலத்தில் எங்கள் மேனேஜர் கலியமூர்த்தி. முத்துப்பேட்டைப் பக்கத்து மீனவக் குடும்பத்திலிருந்து படித்து வந்தவர். குள்ளமான, சத்தமே போடாத மனிதர். அவருடைய கோபத்தை அளக்க ஒரே கருவி மரியாதை. சாதாரணமாக எங்களை "வாப்பா", "என்னம்மா" என்பார். லேசாக எரிச்சல் வந்தால் "வாங்க". கோபம் வந்தால் "வாங்க சார்", "சொல்லுங்க மேடம்". உச்சத்தில் "தாங்கள்" என்பார். அவர் "தாங்கள்" என்று சொல்லி நான் கேட்டது அதுவரை ஒரு தடவைதான். ஏசி ரிப்பேர் செய்கிறேன் என்று வந்து, மின்விசிறியையும் நிறுத்திவிட்டுப் போனவரிடம். வாடிக்கையாளர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு எப்போதும் "ங்க" உண்டு. கெட்ட செய்தி சொல்ல வேண்டியிருந்தால் உட்கார்ந்தபடி சொல்ல மாட்டார். எழுந்து, மேஜையைச் சுற்றி வந்து, பக்கத்தில் நின்று சொல்வார். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளும் சத்தம் கேட்டாலே கடன் கேட்டு வந்தவர்கள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

இனி அந்தச் சனிக்கிழமைக்குப் போகிறேன். சம்பா அறுவடை முடிந்த சமயம். ராஜன் என்று பெயர் சொல்லிக்கொண்ட ஒருவர் பாக்கியத்தின் வாத்துப் பட்டியை விலை பேசினார். கேரளாவில் பெரிய பண்ணைக்கு ஏஜென்ட் என்றார். ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான வாத்துகள், இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். பண்ணை முதலாளி கையெழுத்துப் போட்ட செக் ஒன்றை எடுத்து நீட்டினார். பாக்கியத்துக்கு வேறு சொத்து இல்லை. அந்தப் பணத்தில்தான் புதுக் குஞ்சு வாங்க வேண்டும். நர்சிங் கல்லூரியில் படிக்கும் மகளுக்குக் கடைசி வருடக் கட்டணம் கட்ட வேண்டும். அதனால் அவர் ஏமாளியாக நடந்துகொள்ளவில்லை. ஒரு நிபந்தனை போட்டார்.

"பணம் கணக்குல விழுந்தப்பறம்தான் வாத்து லாரில ஏறும்."

ராஜன் உடனே ஒத்துக்கொண்டாராம். "நியாயம்தானே அக்கா. விழுந்துச்சான்னு பேங்க்ல நீங்களே கேட்டுக்குங்க. விழுந்தப்பறம் ஏத்திக்கிறேன்" என்றாராம். அவர் தொழில் தெரிந்தவர் என்பதற்கு எனக்கு இந்த ஒரு வாக்கியம் போதும்.

சனிக்கிழமை மதியம் பாக்கியம் செக்கைப் போட்டார். திங்கட்கிழமைதான் அது வசூலுக்குப் போனது. போனது என்றால் செக் போகவில்லை. செக் எங்கள் பெட்டியிலேயே இருக்கும். அதன் படம்தான் பயணம் போகும். படம் போனதும் போட்டவர் கணக்கில் தொகை தெரியும். ஆனால் அதை எடுக்க முடியாது. செக் எந்த வங்கியுடையதோ அந்த வங்கி மறுநாள் வரை ஏற்றுக்கொள்ளலாம், திருப்பி அனுப்பலாம். அதுவரை கணினியில் அந்தத் தொகைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய குறியீடு இருக்கும். இந்த இடைநிலைக்கு ஆங்கிலத்தில் இரண்டு மூன்று பெயர்கள் உண்டு. தமிழில், எங்கள் கிளையில், ஒரு பெயரும் இல்லை.

எங்கள் ஊரில் பணம் விழும். முதியோர் பென்ஷன் விழும். நூறு நாள் வேலைச் சம்பளம் விழும். கேஸ் மானியம் விழும். கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் விழும். கவுண்டருக்கு வருபவர்களில் பாதிப் பேர் கேட்பது "விழுந்துடுச்சா?" என்ற ஒரே கேள்விதான். பிரேமாவின் பதில் "விழுந்துடுச்சு" அல்லது "இன்னும் விழலை". இவையெல்லாம் விழுந்தால் விழுந்த இடத்திலேயே கிடக்கும் பணங்கள். விழுந்த பிறகு எழுந்து போகக்கூடியது செக் ஒன்றுதான்.

திங்கட்கிழமை மதியம், பென்ஷன் கூட்டத்தின் நடுவில், பாக்கியம் தலையை நீட்டிக் கேட்டார். "ஏம்மா, விழுந்துடுச்சா?"

பிரேமா திரையைப் பார்த்தார். தொகை இருந்தது. "விழுந்துடுச்சுக்கா."

பாக்கியம் வங்கி வாசலிலேயே நின்று கணவர் கோவிந்தனுக்கு போன் செய்தார். "விழுந்துடுச்சு. ஏத்தி விடுங்க." பொழுது சாயும் நேரத்தில் வாத்துகள் லாரியில் ஏறின.

மறுநாள் காலைதான் முட்டை வாளி.

வாளி விஷயம் மேனேஜர் அறைக்குப் போனது. கலியமூர்த்தி வெளியே வந்து பார்த்தார். வங்கி ஊழியர் வாடிக்கையாளரிடம் அன்பளிப்பு வாங்கக் கூடாது என்பது விதி. முட்டை அன்பளிப்பா என்று விதியில் இல்லை.

"வேண்டாம்னா உங்க மனசு சங்கடப்படும். வாங்குனா எங்க மேலிடம் சங்கடப்படும். காசு குடுத்து வாங்கிக்கிறோங்க. முட்டை என்ன விலை?" என்றார்.

"உங்ககிட்ட காசு வாங்குவனா சார்?"

"கடையில என்ன வெலயோ அதப் போட்டுக்குங்க."

"கடையில வாத்து முட்டைக்கு ஏது சார் ஒரு வெல? ஆளப் பாத்து சொல்லுவான்."

"அப்ப என்னைப் பாத்துச் சொல்லுங்க."

பாக்கியம் அவரை ஏற இறங்கப் பார்த்து, "உங்களுக்குச் சும்மாதான்" என்றார்.

இந்த விலைப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது நான் என் கணினியில், திரும்பி வந்த செக்குகளின் பட்டியலைத் திறந்தேன். அன்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தொகை இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். காரணம்: பணம் கொடுக்க வேண்டாம் என்று கணக்குக்காரர் நிறுத்தியிருக்கிறார்.

நான் எழுந்து போய் மேனேஜர் காதருகில் சொன்னேன். அவர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். இருந்தாலும் தன் அறைக்குப் போய், உட்கார்ந்து, பாக்கியத்தை அழைத்து உட்கார வைத்து, பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

முதலில் செக்கின் வங்கிக்கு போன் போட்டோம். அங்கிருந்த அதிகாரி விவரமாகவே பேசினார். அந்தச் செக் புத்தகம் ரப்பர் வியாபாரி ஒருவருடையது. அவருடைய காரிலிருந்து திருடு போனது. பணம் கொடுக்க வேண்டாம் என்று அன்றே எழுதிக் கொடுத்துவிட்டார். கையெழுத்தும் அவருடையதில்லை. வாத்துப் பண்ணை என்று எதுவும் அவருக்குக் கிடையாது. வாத்து சாப்பிடுவாரா என்பதுகூடத் தனக்குத் தெரியாது என்றார்.

ராஜனின் செல்போன் அணைக்கப்பட்டிருந்தது.

பாக்கியம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு விரலை மடக்கத் தொடங்கினார். "ரப்பர்காரருக்கு நட்டமில்ல. அவரு பேங்குக்கு நட்டமில்ல. உங்களுக்கு?"

மேனேஜர் தரையைப் பார்த்தார். "எங்களுக்கும் இல்லைங்க. நாங்க உங்க சார்பா வசூல் பண்ணிக் குடுக்குறவங்கதான். வசூலாகலைன்னா வரவு வெச்சதத் திருப்பி எடுத்துக்கணும்."

"யாருக்குமே நட்டமில்லன்னா என் வாத்து எங்க சார் போச்சு?"

பாக்கியம் திரும்பி, கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருந்த பிரேமாவைப் பார்த்தார். "நீதானம்மா விழுந்துடுச்சுன்ன?"

கலியமூர்த்தி அறை வாசலுக்கு வந்தார். "பிரேமா மேடம், கொஞ்சம் வர்றீங்களா?"

"மேடம்" என்றதுமே பிரேமாவின் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"தாங்கள் அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"விழுந்துடுச்சான்னு கேட்டாங்க சார். பாத்தேன். விழுந்துதான் இருந்துச்சு."

"பாஸ் ஆயிடுச்சுன்னு சொன்னீங்களா?"

"அவங்க பாஸ் ஆச்சான்னு கேக்கலையே சார்."

"நான் ஏம்மா பாஸ் ஆச்சான்னு கேக்குறேன்? பரீட்சையா எழுதுனேன்?" என்றார் பாக்கியம். "நெல்லு வயல்ல விழுந்தா வாத்து திங்கும். விழுந்த நெல்லு திரும்பக் கதுருல போயி ஒட்டிக்கிமா? உங்க பேங்க்ல மட்டும் ஒட்டிக்கிது."

கலியமூர்த்தி என்னிடம் திரும்பினார். சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்கவில்லை. அது அவருக்குத் தெரியும். போட்ட செக் திரும்பினால் போட்டவர்தான் தாங்க வேண்டும். ஆனால் இங்கே பாக்கியம் செக்கை நம்பி வாத்தை விடவில்லை. எங்கள் கவுண்டரின் வார்த்தையை நம்பி விட்டிருக்கிறார். அந்த வார்த்தைக்கு வங்கி பொறுப்பா என்பதே கேள்வி. வட்டார அலுவலகச் சட்டப் பிரிவுக்கு போன் போட்டு, எல்லாரும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் வைத்தார்.

மறுமுனையில் சட்ட அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு, "கலியமூர்த்தி, நம்ம பேங்குக்கு நஷ்டம் ஏதாவது உண்டா?" என்றார்.

"இல்லீங்க சார்."

"அந்தம்மா பணத்தை எடுத்துட்டாங்களா?"

"எடுக்கலீங்க. எடுக்க முடியாதே."

"அப்ப எதுக்கு போன் பண்றீங்க?"

"வாத்து போயிடுச்சு சார்."

"வாத்து நம்மகிட்ட அடமானத்துல இருந்துச்சா?"

"இல்லீங்க."

"அப்பறம்?"

"நம்ம கவுண்டர்ல சொன்னத நம்பித்தான் சார் லாரில ஏத்துனாங்க. நம்ம மேலயும் பொறுப்பு இருக்குல்ல."

"எழுத்துல ஏதாவது குடுத்தீங்களா?"

"வாயால சொன்னதுதான்."

"அப்ப பேங்க் எதுவும் சொல்லலைன்னு அர்த்தம். வெச்சிடட்டுமா?"

கலியமூர்த்தியின் குரல் இன்னும் இறங்கியது. "தாங்கள் வைத்துவிடலாம் ஐயா" என்றார். அப்படி எழுத்துத் தமிழில் அவர் பேசி அன்றுதான் கேட்டேன்.

பாக்கியம் எழுந்துகொள்ளவில்லை. "நான் இங்கேதான் இருப்பேன்" என்றார். சத்தம் போடவில்லை. பட்டுப் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, மேனேஜருக்கு எதிர் நாற்காலியில் அப்படியே இருந்தார். மேனேஜர் டீ வரவழைத்தார். பாக்கியம் அதைக் குடிக்கவில்லை. இதற்கிடையில் காவல் நிலையத்துக்குப் புகார் எழுதும் வேலையை நான் தொடங்கினேன். லாரி எண் என்ன என்று கேட்டேன். பொழுது சாயும் நேரத்தில் வாத்து ஏற்றியவர் யாரும் லாரி எண்ணைப் பார்க்கவில்லை என்று கோவிந்தன் போனில் சொன்னார். வாத்து லாரிக்குத் தார்ப்பாய் பச்சை நிறம் என்பது மட்டும் ஞாபகம் இருந்தது.

மதிய உணவு நேரத்துக்குச் சற்று முன்பு செல்வம் உள்ளே வந்தார். உள்ளூர் லாரி உரிமையாளர். எங்களிடம் வாகனக் கடன் வாங்கியவர். பிரேமாவின் கவுண்டருக்குப் போய் ஒரு செக்கை நீட்டினார்.

"இதக் கணக்குல போட்டுடும்மா. வாடகைல பாதி. மீதிப் பாதி கையில குடுத்துட்டாரு."

பிரேமா செக்கை வாங்கினார், பார்த்தார், மறுபடி பார்த்தார். காலை முழுக்க ஒரே ஒரு செக்கின் படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். நாற்காலி உருளும் வேகத்தில் எழுந்து மேனேஜர் அறைக்கு ஓடி வந்தார்.

"சார், அடுத்த நம்பர்."

ரப்பர் வியாபாரியின் செக் புத்தகம். பாக்கியத்தின் செக்குக்கு அடுத்த இதழ். இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் மதிப்புள்ள வாத்தை ஓசியில் கொண்டுபோன ராஜன், லாரி வாடகையில் பாதியையும் மிச்சம் பிடிக்கப் பார்த்திருக்கிறார்.

மேனேஜர் வெளியே வந்தார். "செல்வம், உங்க லாரி எங்க நிக்கிது?"

செல்வத்தின் முகம் மாறியது. "ஏன் சார், இந்த மாசத் தவணை கட்டிட்டேனே. ரசீது வீட்ல இருக்கு."

"தவணைக்கு இல்லீங்க. லாரில என்ன ஏத்திருக்கு?"

"வாத்து."

"பச்சைத் தார்ப்பாயா?"

"ஆமா சார். தார்ப்பாய்க்கு லோன் வாங்கலியே நான்."

பாக்கியம் அதற்குள் அறையை விட்டு வெளியே வந்து செல்வத்தின் சட்டைக் கையைப் பிடித்திருந்தார். "போன் போடுய்யா."

செல்வம் டிரைவருக்கு போன் போட்டார். ஒலிபெருக்கியில் வைக்கச் சொன்னார் மேனேஜர். கிளையில் இருந்த வாடிக்கையாளர்கள் எல்லாரும் டோக்கனை மறந்து அருகில் வந்தார்கள்.

"முதலாளி, கம்பம் தாண்டி நிக்கிறேன்" என்றது டிரைவரின் குரல். பின்னணியில் வாத்துகளின் சத்தம். "கேரளா செக்போஸ்டுக்கு முன்னாடி வண்டி வரிசையா நிக்கிது. அந்தப் பக்கம் வாத்துக்குக் காய்ச்சலாம். டாக்டரு வந்து பாத்துட்டுத்தான் விடுவாங்களாம். காலையிலேர்ந்து அப்படியே நிக்கிறேன்."

"அந்த ராஜன் எங்கடா?"

"டீ குடிக்கப் போயிருக்காரு. கோவமா இருக்காரு. நாம என்ன பண்றது, வாத்துக்குக் காய்ச்சல் வந்தா?"

மேனேஜர் போனைக் கையில் வாங்கினார். "டிரைவர் தம்பி, நான் பேங்க் மேனேஜர் பேசுறேன். வாத்து அவருதில்ல. வண்டியத் திருப்புங்க."

"இப்பவா சார்? அவரு வந்துடட்டுமே."

"அவரு வர்றதுக்கு முன்னாடி."

"அவரு பை வண்டியில இருக்கே சார்."

"இருக்கட்டும்."

"செருப்பும் இருக்கு. என் செருப்பப் போட்டுக்கிட்டுப் போயிருக்காரு."

"நல்ல வேளை" என்றார் மேனேஜர். "திருப்புங்க."

வண்டிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு டிரைவர், "முதலாளி, திரும்பி வர டீசலுக்கு யாரு குடுப்பா?" என்றார்.

அன்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான், சின்ன அளவில் மறுபடி வந்தது. செல்வம் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் என்னைப் பார்த்தார். டீசலுக்கு எங்கள் கிளையில் கணக்குத் தலைப்பு இல்லை. நான் பையில் கை விட்டேன். அதற்குள் பாக்கியம் போனை நோக்கிக் குனிந்தார்.

"நான் குடுக்குறேன்யா. திருப்பு. மெல்ல ஓட்டு, முட்டை போடுற வாத்து."

இன்ஜின் கிளம்பும் சத்தம் கேட்டது. வங்கிக்குள் யாரோ கை தட்டினார்கள். பிரேமா மறுபடி அழுதார்; இந்த முறை யாரும் அவரை "மேடம்" என்று கூப்பிட்டிருக்கவில்லை.

மறுநாள் காலை நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது பச்சைத் தார்ப்பாய் லாரி கிளை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. ஷட்டருக்கு முன்னால் கூட்டம். உள்ளே போக வழியில்லை.

"ஏங்க, நேரா அவங்க ஊருக்குக் கொண்டுபோயிருக்கலாமே" என்று செல்வத்திடம் மேனேஜர் கேட்டார்.

"நீங்கதானே சார் திருப்பச் சொன்னீங்க. அதான் உங்ககிட்டயே ஒப்படைக்கக் கொண்டாந்துட்டான்."

ராஜனின் பையில் செக் புத்தகம் இருந்தது. அதைப் புகாரோடு காவல் நிலையத்தில் கொடுத்தோம். அங்கிருந்த ஏட்டு, வழக்கில் சம்பந்தப்பட்ட பொருளையும் காட்ட வேண்டும் என்றார். "தாங்கள் விரும்பினால் உடனே அனுப்பி வைக்கிறேன்" என்றார் கலியமூர்த்தி. "ஆயிரம் இருக்கும். ஸ்டேஷன்ல தண்ணித் தொட்டி இருக்குங்களா?" போட்டோ போதும் என்று முடிவானது. வழியில் சில வாத்துகள் செத்திருந்தன. மீதி பட்டிக்குப் போனது. ராஜன் டிரைவரின் செருப்போடு எங்கே போனார் என்பது இன்று வரை தெரியாது.

நடந்ததை அறிக்கையாக எழுதும் வேலை எனக்கு வந்தது. பத்திரிகைப் பழக்கத்தில், யார் யாரிடம் என்ன சொன்னார் என்பதைப் பேச்சு மாறாமல் எழுதி அனுப்பினேன். வட்டார அலுவலகம் அதை மும்பைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப ஆங்கிலத்தில் கேட்டது. "விழுந்துடுச்சு" என்பதற்கு வேறு வழி தெரியாமல் சொல்லுக்குச் சொல் எழுதினேன். எங்கே விழுந்தது, யாருக்காவது காயமா, காப்பீட்டுக்குத் தெரிவித்தாயிற்றா என்று கேட்டு மும்பையிலிருந்து பதில் வந்தது. யாருக்கும் காயமில்லை என்று எழுதினேன். வங்கிக்கு நஷ்டம் இல்லாததால் கோப்பு முடிக்கப்படுகிறது என்று அடுத்த கடிதம் வந்தது.

கலியமூர்த்தி அன்றிலிருந்து எங்கள் கிளையில் "விழுந்துடுச்சு" என்ற சொல்லுக்குத் தடை போட்டார். செக் விஷயத்தில் "வந்திருக்கு, ஆனா பாஸ் ஆகலை", "பாஸ் ஆயிடுச்சு", "திரும்பிடுச்சு" என்று மூன்று பதில் மட்டுமே சொல்ல வேண்டும். பிரேமா பென்ஷனுக்கும் இதையே சொல்லத் தொடங்கினார். "பென்ஷன் வந்திருக்கு தாத்தா, பாஸும் ஆயிடுச்சு" என்று ஒருவரிடம் சொல்ல, அவர் பயந்துபோய், "எனக்குப் பென்ஷன் வந்தாப் போதும்மா, பாஸெல்லாம் எதுக்கு, நான் பஸ்ல காசு குடுத்தே போயிக்கிறேன்" என்றார். இரண்டு வாரத்தில் பழைய சொல்லே திரும்பி வந்துவிட்டது. ஆனால் செக் என்றால் மட்டும் பிரேமா எழுந்து நின்று சொல்வார். அது மேனேஜரிடமிருந்து வந்த பழக்கம்.

வாத்துகளை அடுத்த வாரம் மன்னார்குடி வியாபாரி ஒருவர் ரொக்கம் கொடுத்து வாங்கிக்கொண்டார். விலை கொஞ்சம் குறைவு. மகளின் கட்டணத்தைப் பாக்கியம் எங்கள் கிளையிலிருந்தே கட்டினார். அன்று பாஸ்புக்கையும் கொடுத்துப் பதிந்து தரச் சொன்னார். இயந்திரம் அடித்த முதல் வரியில் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் வரவு. இரண்டாவது வரியில் அதே தொகை பற்று. மூன்றாவது வரியில், செக் திரும்பியதற்கான கட்டணம், வரி உட்பட, நூற்று எழுபத்தேழு ரூபாய் பற்று.